மேசைமேல் மூன்று லோயர் ஆர்ம்கள்

ஏப்ரல் 21, திங்கள்

இன்று முதல் நடப்பதை எல்லாம் உண்மையாக எழுதப் போகிறேன். பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி. என்னைப் பற்றியே மோசமாக எழுத வேண்டி வந்தாலும் எழுதுவேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிட்டது. நூலகத்தில் ஒரு தடவைக்கு மூன்று புத்தகங்கள்தான் தருகிறார்கள், மூன்றையும் படித்தாயிற்று. ஆகவே நேரம் நிறைய இருக்கிறது.

முதலில் விவரங்கள். என் பெயர் சுபிக்ஷா. ஊர் பொள்ளாச்சி. அப்பா தண்டபாணி கார் கன்சல்டிங் வைத்திருக்கிறார். பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்பதற்குத்தான் அப்படிப் பெயர். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார்.

இன்று அப்பா ஒரு வெள்ளி நிறக் கார் கொண்டுவந்தார். சின்னக் கார், பதினோரு வயது. பின் சீட்டுக்கு அடியில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. நானும் அம்மாவும் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு பஞ்சையும் புழுக்கைகளையும் வாரினோம். இன்னும் கண் திறக்காத ஒரு குட்டி செத்துக் காய்ந்து கிடந்தது. அப்பா உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு டப்பா மல்லிகை ஸ்பிரேயை அடித்தார். எலி மூத்திரமும் மல்லிகையும் கலந்தால் வரும் நாற்றத்துக்குத் தமிழில் சொல் இருக்கிறதா என்று அகராதியில் தேடினேன். இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அப்பா என்னையும் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனார். காரணம் இருக்கிறது. உதிரி பாகங்களின் எண்ணும் விவரமும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கின்றன. அப்பாவுக்கு அது ஓடாது. "என்ற பொண்ணுதான் இனி எனக்கு கிளார்க்" என்று வழியில் டீக்கடைக்காரரிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒர்க்‌ஷாப் உடுமலை ரோட்டில், சவுக்கத் அண்ணனுடையது. அப்பாவின் கார்களை எல்லாம் அவர்தான் பார்க்கிறார். வேகத்தடையில் ஏற்றி இறக்கினார். முன்பக்கத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம், கிழவர் எலும்பில் சொடக்கு எடுத்ததைப்போல. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். சக்கரம் பால் பல் மாதிரி ஆடியது.

"லோயர் ஆர்ம் போச்சு பாப்பா" என்றார். "சக்கரத்தப் பிடிச்சிருக்கற கையி இதுதான். தோள்பட்டைல ரெண்டு ரப்பர் புஷ்ஷு. மணிக்கட்டுல ஒரு பால் ஜாயிண்ட். மணிக்கட்டு கழண்டா என்னாகும்?"

"கை தொங்கும்."

"இங்க சக்கரம் படுத்துக்கும். ஸ்டீயரிங் உன்ற பேச்சக் கேக்காது."

அவர் அந்தப் பால் ஜாயிண்டின் கிழிந்த ரப்பர் உறையை அழுத்தியபோது உள்ளிருந்து மண் கலந்த கிரீஸ் பிதுங்கி வந்தது. பழுத்த கட்டியை உடைத்தால் வருவதைப்போல. என் விரலிலும் பட்டது. வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்பு போட்டேன். இரவுச் சாப்பாட்டில் தயிர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

என் வாழ்க்கையின் முதல் ஆராய்ச்சி. அப்பா தெரிந்த கடையிலிருந்து மூன்று லோயர் ஆர்ம்களைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருந்தார். சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாள் விரித்து வரிசையாக வைத்தோம். முதலாவது, கார் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வந்தது. இரண்டாவது, வேறு ஒரு தயாரிப்பாளருடையது, நீலப் பெட்டி. மூன்றாவதுக்குப் பெட்டியே இல்லை. பிளாஸ்டிக் பையில், பெயர் இல்லாமல்.

அம்மாவின் சமையலறைத் தராசில் எடை போட்டேன். "அரிசி போடற தராசுல இரும்பக் கொண்டாந்து வெக்கறா பாரு, இவளும் இவ கிளார்க் வேலையும்" என்று அம்மா கத்தினார். முதலாவது மூன்று கிலோ நூற்றைம்பது கிராம். இரண்டாவது மூன்று கிலோ நூறு. மூன்றாவது இரண்டு கிலோ ஐந்நூற்று நாற்பது. அறுநூறு கிராம் இரும்பை எங்கே திருடினார்கள்? சவுக்கத் அண்ணனிடம் வாங்கி வந்த, தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பரை வைத்துத் தகட்டைப் பார்த்தேன். அங்கே திருடியிருக்கிறார்கள்.

பால் ஜாயிண்டின் தண்டை விரலால் அசைத்தேன். முதல் இரண்டும் இறுக்கமாக, வழுவழுவென்று, நிறுத்திய இடத்தில் நின்றன. மூன்றாவது, கையை எடுத்ததும் தானாகத் தலை தொங்கிவிட்டது. புதிதிலேயே. ரப்பரை நகத்தால் அழுத்தினால் முதல் இரண்டும் குழிந்து திரும்பி எழுந்தன. மூன்றாவதில் நகக்குறி அப்படியே நின்றது. மண்ணெண்ணெய் வாடை வேறு. பெயிண்டைச் சுரண்டினேன், அடியில் துரு. துருவுக்கு மேலேயே கறுப்பு அடித்திருக்கிறார்கள். புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்டதைப்போல. எனக்கு உடம்பு கூசியது. யாரோ ஒருவர் இது எதற்கு என்று தெரிந்தே இதைச் செய்து, பையில் போட்டு ஒட்டியிருக்கிறார்.

சாயங்காலம் வந்த சவுக்கத் அண்ணனிடம், கம்பெனிப் பெட்டி இல்லாதவை எல்லாமே மோசம்தானே என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லக் கூடாது பாப்பா. கம்பெனி என்ன சொந்தமாவா செய்யுது? வெளிய ஆர்டர் குடுத்துத்தான் வாங்குது. செஞ்சு குடுக்கறவன் தன்ற பேர்லயும் விப்பான். இந்த நீலப் பெட்டி நான் பத்து வருசமாப் போடறேன், ஒண்ணும் திரும்பி வரல. பேரப் பாக்காத, பொருளப் பாரு. பேர் போடவே வெக்கப்படறான் பாரு, அவனத்தான் நம்பக் கூடாது."

எல்லாவற்றையும் முழுத்தாளில் கட்டம் போட்டு எழுதினேன். எடை, தகட்டின் தடிமன், ரப்பர், பால் ஜாயிண்ட், வெல்டிங். அடியில் முடிவு: 'இரண்டாவது முதலாவதற்கு இணையானது. அதைப் போடலாம். மூன்றாவதை எந்தக் காருக்கும் போடக் கூடாது.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினேன்.

அப்பா இரண்டு முறை படித்தார். "செரி. ரெண்டாவதே போட்டுருவோம். என்ற பொண்ணு சொன்னா அப்பீல் உண்டா?" என்று என் தலையில் கை வைத்தார். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 26, சனி

தண்ணீர் வந்த நாள். பன்னிரண்டு குடம்.

காரை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. யார் தெரியுமா? ஜோஸ்பின் மிஸ்! எங்கள் கணக்கு மிஸ். விடைத்தாளில் கூட்டல் தவறி எனக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாக வந்ததை நானே போய்ச் சொன்னபோது, வகுப்பின் முன்னால் என்னை நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னவர். அவருடைய அப்பா வால்பாறையில், எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டில் தனியாக இருக்கிறார். கண் ஆபரேஷன் செய்ய வேண்டும். சனிக்கிழமைதோறும் மிஸ் பஸ்ஸில் போய்வருகிறார், வாந்தி எடுத்துக்கொண்டே. இனி அவர் காரிலேயே போகலாம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள்.

நான் ஆராய்ச்சி செய்த கார் மிஸ்ஸுக்குப் போகிறது. நல்ல வேளை, சரியான காருக்குத்தான் உழைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மிஸ் நான்கு மணிக்கு வருவதாக இருந்தது. நாங்கள் ஒன்றரைக்கு ஒர்க்‌ஷாப் போனோம். அப்பா டிக்கியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பைகளை எடுத்துப் போட்டார். மூன்றாவது ரகம். இடம் ஒன்று, வலம் ஒன்று. கூடவே இரண்டு நீலப் பெட்டிகள். காலி.

"அப்பா, பெட்டி மட்டும் இருக்குது?"

"கடைக்காரன்கிட்டக் கேட்டு வாங்கினேன்."

"எதுக்குங்கப்பா?"

"பழசப் போட்டுத் தர."

இங்கே ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தைப் புதியது வந்த பெட்டிக்குள் போட்டுக் கார்க்காரரின் டிக்கியில் வைத்துவிடுவார்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. பெட்டியின் மேல் என்ன பெயரோ அதுதான் உள்ளே மாட்டியிருக்கிறது என்று ஆட்கள் நம்புவார்கள். ரசீதைக் காட்டிலும் பெட்டியைத்தான் நம்புவார்கள்.

சவுக்கத் அண்ணன் பையைப் பிரித்துப் பார்த்து அப்படியே வைத்தார். "அண்ணா, இது வேண்டாங்ணா. மலையேறற வண்டி."

"சத்தம் போனாப் போதுஞ் சவுக்கத்து. ஆறு மாசம் ஓடும். அதுக்குள்ள அவங்களே சர்வீஸ் விட்டு மாத்திக்குவாங்க. நீ மாட்டு."

"நீங்க படிச்சீங்களே அப்பா, நான் எழுதினத" என்றேன்.

"படிச்சேன் கண்ணு. உன்ற எழுத்து முத்து முத்தா இருக்குது."

அவ்வளவுதான் சொன்னார். சவுக்கத் அண்ணன் என்னைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார். காரின் சர்வீஸ் கையேட்டில் நான் படித்திருக்கிறேன், அவரே சொல்லியும் இருக்கிறார்: காரைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பிறகுதான் புஷ் போல்ட்டைக் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். மூன்றே முக்கால் ஆகிவிட்டது. அப்பா, "மடார்னு முடுக்கப்பா, வந்துருவாங்க" என்றார். சவுக்கத் அண்ணன் சக்கரம் தொங்கும்போதே முடுக்கினார்.

மிஸ் வந்தார். மாம்பழ நிறப் புடவை. ஓட்டிப் பார்த்தார், வேகத்தடையில் ஏற்றினார், சத்தமே இல்லை. மல்லிகை வாசனை நன்றாக இருப்பதாகவும் சொன்னார். அப்பா டிக்கியைத் திறந்து நீலப் பெட்டிகளைக் காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து விரித்தார்.

"உங்க ஸ்டூடண்ட் எழுதினதுங்க டீச்சர். ஒவ்வொண்ணையும் எட போட்டுப் பாத்து எழுதியிருக்கறா. எந்தக் கன்சல்டிங்காரன் இப்படிப் பண்றானுங்க?"

மிஸ் அதை நின்றபடியே முழுதும் படித்தார். நிமிர்ந்து, "நீயே பாத்து எழுதினதா சுபி?" என்று கேட்டார்.

"ஆமாங்க மிஸ். நானே பாத்து எழுதினது."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நானேதான் பார்த்தேன். நானேதான் எழுதினேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வாந்தி. நேற்றுச் சாப்பிட்ட பரோட்டாவாக இருக்கும்.

மே 1, வியாழன்

மிளகாய் காயவைத்தோம். அம்மாவிடம் அந்த மூன்றாவது ரகத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா காலால் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே, "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"உங்கப்பா எந்த வண்டிக்குத்தான் நல்லதப் போட்டாரு? அந்தத் தொழில் அப்படி. எல்லாரும் பண்றதுதான். நீ அதையெல்லாம் மனசுல போட்டுக்காத. உள்ள போயி கதவு மேல தொங்கற பாவாடைய எடுத்தா."

எடுத்துக் கொடுத்தேன். என் புது யூனிஃபார்ம், என் அகராதி, இந்த நோட்டு, எல்லாவற்றின்மேலும் அந்தக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பதைப்போல் இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் துரு வரும்.

மே 4, ஞாயிறு

நேற்று மிஸ் முதல்முறையாகக் காரில் வால்பாறை போய்விட்டு இன்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வண்டி வெண்ணெய் மாதிரி போகிறதாம். அப்பாவுக்கு ஒரு கும்பிடு, எனக்கு அரைக்கிலோ தேயிலைத்தூள். "எங்கப்பா குடுத்து விட்டாரு. 'வண்டியப் பாத்துக் குடுத்த பிள்ளைக்குக் குடு'ன்னாரு" என்றார்.

அம்மா உடனே அதிலேயே டீ போட்டார். அப்பா உறிஞ்சிக் குடித்தார். "அடடா, எஸ்டேட்டுத் தூளே தனி" என்று இன்னொரு டம்ளர் கேட்டார். மீசையில் நுரை. அதை நாக்கால் நக்கினார். நான் அப்பாவை இப்படி எழுதக் கூடாது. ஆனால் அப்படித்தான் நக்கினார்.

நான் என் டீயை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டேன். பாலின் வாடை சரியில்லை.

மே 8, வியாழன்

இணையத்தில் ஒரு படம் பார்த்தேன். பால் ஜாயிண்ட் கழன்ற கார். நடுரோட்டில் ஒரு சக்கரம் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, முட்டி உடைந்த மாட்டைப்போல நிற்கிறது. சமதரை. அதனால் ஓட்டியவர் இறங்கிப் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருக்கிறார்.

சமதரையில்.

மே 9, வெள்ளி

மிஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும், பிள்ளைகள் அப்படிச் செய்யக் கூடாது என்பதற்காக. காரணம் அதுதான்.

மே 10, சனி

இல்லை. காரணம் அது மட்டும் இல்லை. அன்று மிஸ் என் தாளைப் படித்து முடித்து என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மிஸ்ஸின் முன்னால் நான் பெரிய ஆளாக நின்றேன். இரண்டு அடி தள்ளி அந்தத் துருப்பிடித்த சாமான் மாட்டிய கார் நிற்கிறது என்று தெரிந்தே சந்தோஷப்பட்டேன். சீ.

இன்றும் மிஸ் மலைக்குப் போயிருப்பார். நாள் முழுக்க வாசலிலேயே இருந்தேன். அம்மா வெயில் தலையில் ஏறிவிடும் என்றார்.

மே 16, வெள்ளி

தேர்வு முடிவு வந்தது. கணக்கில் தொண்ணூற்றெட்டு. அப்பா லட்டு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தார்.

பதினொரு மணிக்கு மிஸ் அம்மாவின் போனுக்கு அழைத்தார். வாழ்த்துச் சொன்னார். இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்று கேட்டுச் சிரித்தார். பிறகு, "சுபி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "நாலு நாளா முன்பக்கம் லேசா ஒரு சத்தம். பிரேக் போட்டா வண்டி இடது பக்கம் இழுக்குது. உங்கப்பாகிட்டக் கேட்டேன், ரோடு மோசம், அதான்னாரு. நீதான் எல்லாம் பாத்தவளாச்சே. நாளைக்குக் காலைல எங்கப்பாவக் கூட்டிட்டு வரணும், ஆபரேஷனுக்கு. எடுத்துட்டுப் போகலாமா?"

அப்பா எதிரில் லட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் என்னைப் பார்த்து, 'போகலாம்' என்று உதட்டை மட்டும் அசைத்தார். வாய்க்குள் மஞ்சளாக லட்டு.

"எடுக்காதீங்க மிஸ்" என்றேன். "நாளைக்கு வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க. சவுக்கத் அண்ணன் வந்து பாக்கட்டும்."

"ஏம்மா? என்ன ஆச்சு?"

"எடுக்காதீங்க மிஸ்."

போனை வைத்ததும் அப்பா எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"உன்ற வேல என்ன? பெரிய மனுசியாட்ட நடுவுல பேசற?"

"ஜாயிண்ட் கழண்டா சக்கரம் படுத்துக்கும்பா. வளைவுல."

"படுக்குது! ஊருல நூறு வண்டி அதுலதான் ஓடுது. ஒண்ணு படுத்திருக்குதா?"

"படுத்தது நமக்கு எப்படிப்பா தெரியும்? யாராவது வந்து சொல்லுவாங்களா?"

அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், "அப்பாவ நாலு பேருக்கு முன்னால எறக்கிராத கண்ணு. சத்தம் வருதுன்னு மாத்திக் குடுத்துரலாம். வேற ஒண்ணும் பேசாத" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

மே 17, சனி

காலை ஏழு மணிக்குச் சவுக்கத் அண்ணன் மிஸ் வீட்டிலிருந்து காரை நடை வேகத்தில் ஓட்டி வந்தார். மிஸ் பின்னால் ஆட்டோவில். நானும் அப்பாவும் முன்பே ஒர்க்‌ஷாப்பில் இருந்தோம். அப்பா என்னை வர வேண்டாம் என்றார். நான் நடந்தே வந்துவிட்டேன்.

இடது சக்கரத்தைக் கழற்றினார். பத்தொன்பது நாள்தான். பால் ஜாயிண்டின் ரப்பர் உறை சுற்றிலும் வெடித்து, உரித்த தோலைப்போலத் தொங்கியது. உள்ளே கிரீஸ் இல்லை. சிவப்பாகத் துருக்குழம்பு. புஷ் இரண்டும் கிழிந்திருந்தன. சவுக்கத் அண்ணன் கம்பியைக் கொடுத்து லேசாக நெம்பினார். தண்டு கிண்ணத்திலிருந்து பாதி வெளியே வந்து நின்றது. லேசாகத்தான் நெம்பினார்.

மிஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "யேசுவே" என்றார். "இன்னைக்கு எங்கப்பா இதுல..."

அப்போது அப்பா முன்னால் வந்தார். நான் எதிர்பார்த்தது வேறு. தலைகுனிவார், ஏதாவது சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் என் தோளில் கை போட்டார்.

"பாத்தீங்களா டீச்சர்? போன்ல ஒரு வார்த்த நீங்க சொன்னதுமே புடிச்சுட்டா. 'உடனே மாத்திக் குடுங்கப்பா, காசு வாங்காதீங்க'ன்னு ராத்திரி பூரா ஒரே அடம். கம்பெனிக்காரன் நீலப் பெட்டில போட்டு இப்படி ஏமாத்தினா நாம என்னங்க பண்றது? அந்தக் கடைக்காரன நான் சும்மா விடப் போறதில்ல. வித்த வண்டிய யாராச்சும் திரும்பக் கூப்பிட்டு மாத்தித் தருவாங்களா, சொல்லுங்க?"

நீலப் பெட்டிக்காரர்களின்மேல் போட்டுவிட்டார். சரியாகச் செய்கிறவர்களின்மேல். மிஸ்ஸின் கண் கலங்கியது. அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ என் உயிரக் காப்பாத்திட்டே" என்று என் கன்னத்தைத் தொட்டார்.

அப்பாவின் கை என் தோளில் கனமாக இருந்தது. அதில் வியர்வை. என் சட்டைக்குள் இறங்கியது. அந்தக் கையை எடுத்துப்போட வேண்டும்போல் இருந்தது. ஆனால் மிஸ்ஸின் விரல் பட்ட கன்னம் இன்னொரு முறையும் சந்தோஷப்பட்டது. அதை என்னால் சகிக்க முடியவில்லை.

"அது நீலப் பெட்டி இல்லைங்க மிஸ்" என்றேன்.

"சுபி" என்றார் அப்பா.

"பெட்டி காலியா வாங்கினது. உள்ள மாட்டினது மூணாவது. நான் போடவே கூடாதுன்னு எழுதினேனே, அது. அப்பாவுக்குத் தெரியும்."

சவுக்கத் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எனக்குந் தெரியுங்க டீச்சர்" என்றார். "மாட்டினது நான்தான். தொங்கவிட்டே முடுக்கினதும் நான்தான்."

மிஸ் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"அன்னைக்கு நான் கேட்டப்ப? நீயே பாத்து எழுதினதான்னு கேட்டப்ப?"

"அப்பவும் தெரியும் மிஸ்."

மிஸ் திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். சவுக்கத் அண்ணனிடம், "ரெண்டாவது ரகத்தக் கொண்டு வரச் சொல்லுங்க. பெட்டிய நான் பிரிக்கறேன்" என்றார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க பேசாதீங்க" என்றார் மிஸ். வகுப்பில்கூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

பாகம் வந்ததும் அவரே பெட்டியைப் பிரித்தார். கையில் தூக்கிப் பார்த்தார். தண்டை அசைத்தார், நிற்கிறதா என்று பார்த்தார். ரப்பரை நகத்தால் அழுத்தினார். அந்தத் தாளில் என்ன வரிசையில் எழுதியிருந்தேனோ அதே வரிசையில். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டரை மணி நேரம் வெயில் நகர நகரத் தானும் டயரை நகர்த்திப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்தார். சவுக்கத் அண்ணன் காரைத் தரையில் இறக்கி, அதற்கு அடியில் இருந்த வேலைப் பள்ளத்துக்குள் இறங்கிக் கடைசி முடுக்கு முடுக்கினார்.

"கழட்டினத டிக்கில வைங்க" என்றார் மிஸ். "பெட்டி வேண்டாம்."

கிளம்பும்போது கண்ணாடியை இறக்கினார். நான் பக்கத்தில் ஓடினேன். மல்லிகை வாசனையும் அதற்கடியில் எலி நாற்றமும் வந்தன. வெயிலில் அது மேலே வந்துவிட்டிருந்தது. அவர் சவுக்கத் அண்ணனிடம் வீல் அலைன்மெண்ட் எங்கே பார்ப்பது என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மூன்று மணிக்குச் சவுக்கத் அண்ணனுக்குப் போன் வந்தது. மிஸ் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். சவுக்கத் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்று என்னிடம் சொன்னார், அப்பாவிடம் சொல்லவில்லை. இனி அப்பாவின் வண்டிகளைப் பார்க்க மாட்டாராம். "முன்னாடியே சொல்லியிருக்கோணும் பாப்பா. நீ சொன்ன பொறகு சொல்றதுல என்ன இருக்குது" என்று செருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா சாப்பாட்டுத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா எனக்கு எதிரில்தான் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து சுவரைப் பார்த்தபடி, "திங்கக்கிழமையில இருந்து நீ எங்கூட எங்கயும் வர வேண்டாம்" என்றார். சரிங்கப்பா என்றேன். எனக்கு அழுகை வந்தது. நாளை அவருக்கு யார் பொடி எழுத்தைப் படித்துச் சொல்வார்கள் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. இல்லாமலும் இருக்கிறது. எது உண்மை என்று தெரியவில்லை, இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

இப்போது மணி ஒன்பது. நான் கூடத்து மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா அறையிலிருந்து வந்து வாசற்கதவைத் தாழிட்டார். என் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். நான் நோட்டை மூடவில்லை. அவரால் படிக்க முடிகிற எழுத்துதான், பெரிதாகவே எழுதுகிறேன். பிறகு சுவரோரம் போய், நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே கூடத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டார்.